தலைவிதியும் மின்விதியும்

“விதி முடிந்தது!”

சென்ற மழைக்காலத்தில் ஒரு சாவு வீட்டின் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, வந்தவர் எல்லோரும் சொல்லிச் சென்ற சொல் இதுதான். மாண்டவர் நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவனின் தாய். முப்பத்தைந்து வயதும் நிரம்பாதவர். அதிகாலையில் கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு அதன் இரும்புக் கூட்டைத் தொட்டார். தொட்ட கையை எடுக்க இயலவில்லை. அடுத்த அறையில் உறங்கிய பிள்ளைகள் விழித்தெழுந்தபோது அவர்களுக்குத் தாய் இல்லை.

“நேரம் அப்படி” என்றார் ஒருவர். “எழுதினவன் எழுதிவிட்டான்” என்றார் இன்னொருவர். “வெள்ளிக்கிழமை விடியலில் போயிருக்கிறாள், புண்ணியவதி!” என்றார் மூன்றாமவர். அழுகிறவர்களைத் தேற்ற அவர்கள் அறிந்த சொல் அவ்வளவே. அவர்களை நாம் பழிக்கவில்லை.

மாணவன் நம்மை அடுக்களைக்கு அழைத்துச் சென்றான். கிரைண்டரின் பிளக்கை எடுத்துக் காட்டினான். மூன்று பின் இருக்கவேண்டிய பிளக்கில் இரண்டு பின்னே இருந்தன. தடித்து நீண்டு நிற்கவேண்டிய மூன்றாவது பின்னின் இடத்தில் ரம்பத்தால் அறுத்த தழும்பு இருந்தது. சுவர்ப் பலகையில் இரண்டு துளைகள்தாம். மூன்று பின் நுழையவில்லை. ஆகவே ஒன்றை அறுத்துவிட்டார்கள். அறுத்தவர் யார் என்பது எவருக்கும் நினைவில்லை.

“ஐயா, இது எதற்காக இருந்தது?” என்று கேட்டான் சிறுவன.

நாம் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர். மின்சாரம் படித்தவர் அல்லர். “பாதுகாப்புக்கு” என்று ஏதோ சொன்னோம். எப்படிப் பாதுகாக்கும், யார் கண்டுபிடித்தார், ஏன் கண்டுபிடித்தார் என்று அவன் அடுத்துக் கேட்டிருந்தால் நாம் வாய்மூடி நின்றிருப்போம். அவன் கேட்கவில்லை. நாமே நம்மைக் கேட்டுக்கொண்டோம். விடை தேடிப் படித்தோம். அறுபட்ட அந்தச் சிறு பித்தளைத் துண்டின் கதை, இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பு, ஐரோப்பாவின் மாதா கோயில் மணிக்கூண்டுகளிலே தொடங்குவதைக் கண்டோம்.

மணியடித்தான், மாண்டான்!

வானம் கறுத்தால், இடி முழங்கினால், அந்நாளைய ஐரோப்பியச் சிற்றூர்களில் ஆட்கள் கோயிலுக்கு ஓடுவர். ஒதுங்குவதற்கு அல்ல, மணி அடிப்பதற்கு! புனிதப்படுத்தப்பட்ட மணியின் ஓசை புயலைக் கிளப்பும் பேய்களை விரட்டும், மின்னலைச் சிதறடிக்கும் என்பது நம்பிக்கை. மின்னலை முறிக்கிறேன் என்று மணியின்மீதே இலத்தீன் மொழியில் பொறித்துவைத்தார்கள்.

ஊரிலேயே உயரமான கட்டடம் கோபுரம். அதன் உச்சியில் உலோகம். அதிலிருந்து தொங்குவது மழையில் நனைந்த கயிறு. கயிற்றின் நுனியில் ஓர் ஏழை மணியக்காரன். மின்னலுக்கு இதைவிட நல்ல வழி வேறு வேண்டுமா? 1784இல் ஜெர்மனியின் மூனிச் நகரில் வெளியான ஒரு நூல் கணக்குச் சொல்லிற்று. 33 ஆண்டுகளில் மின்னல் தாக்கிய கோபுரங்கள் 386. மாண்ட மணியடிப்போர் 103!

அடித்தவன் சாகிறான், அடுத்தவன் வருகிறான், அவனும் அடிக்கிறான், அவனும் சாகிறான். ஆயினும் மணியின்மீது ஐயம் எழவில்லை. மாண்டவன் பாவம் செய்தவன், அவன் விதி அது என்றார்கள். விதி என்ற சொல் எவ்வளவு வசதியானது, பாருங்கள்! அது மாண்டவனைக் குற்றவாளி ஆக்குகிறது. கொன்ற கயிற்றை விடுதலை செய்துவிடுகிறது.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து அச்சுத் தொழிலாளி ஒருவர் இந்தக் கதைக்குள் வருகிறார். பெஞ்சமின் பிராங்க்ளின் என்பது அவர் பெயர். மின்னல் என்பது மேகத்தில் சேர்ந்த மின்சாரம். கூரைமேல் ஓர் இரும்புக் கம்பியை நட்டு, அதன் மறுமுனையை ஈர மண்ணுக்குள் இறக்கிவிட்டால், மின்சாரம் வீட்டைத் தீண்டாமல் கம்பி வழியே மண்ணுக்குள் போய்விடும் என்றார் அவர். மேகத்தில் இருப்பது மின்சாரமே என்ற அவர் கருத்து 1752 மே 10ஆம் நாள் பிரான்சு நாட்டு மார்லி என்னும் ஊரில் சோதிக்கப்பட்டது. நெடிய இரும்புக் கம்பி ஒன்றை நிறுத்தினார்கள், புயல் வந்தது, கம்பியிலிருந்து பொறி பறந்தது. வானத்து நெருப்பும் கண்ணாடிச் சாடியில் மனிதன் சேர்த்த நெருப்பும் ஒன்றே என்பது மெய்ப்பட்டது.

மறு ஆண்டே ஒரு கொடிய பாடமும் கிடைத்தது. ருசிய நாட்டுப் பீட்டர்ஸ்பர்க்கில் ரிக்மன் என்னும் அறிஞர் மின்னலின் வலிமையை அளக்க விரும்பினார். கூரையிலிருந்து ஒரு கம்பியைத் தம் வீட்டுக்குள் கொண்டுவந்து அளவுக்கருவியில் முடித்தார். 1753 ஆகஸ்டில் இடி முழங்கிய ஒரு நாள், கருவியைக் காணக் குனிந்தார். கம்பியிலிருந்து பாய்ந்த மின்சாரம் அவரை அங்கேயே வீழ்த்திற்று.

பிராங்க்ளின் சொன்னதும் இரும்புக் கம்பி. ரிக்மன் வைத்ததும் இரும்புக் கம்பி. ஒன்று காக்கும் என்றனர், ஒன்று கொன்றது. வேற்றுமை என்ன? ரிக்மன் வைத்த கம்பி மண்ணைத் தொடவில்லை. மின்சாரம் போகத் தேடிய வழியில் அவர் உடல் நின்றது. மண்ணைத் தொட்ட கம்பி காவலன். தொடாத கம்பி கொலைஞன். நம் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை முக்கால் பங்கு இங்கேயே இருக்கிறது.

உண்மை வெளிப்பட்டதும் உலகம் ஏற்றதா? இல்லை! 1755இல் பாஸ்டன் நகரம் நிலநடுக்கத்தால் குலுங்கியது. பாதிரியார் தாமஸ் பிரின்ஸ், இடிதாங்கிகள் வானத்து மின்சாரத்தை மண்ணில் இறக்கி நிரப்பிவிட்டதும் நிலநடுக்கத்துக்குக் காரணமாகலாம் என்று எழுதினார். ஆர்வர்டு கல்லூரிப் பேராசிரியர் ஜான் வின்திராப் அதை அறிவுவழி மறுத்து எழுதினார்.

பிரான்சில் செந்தொமேர் என்னும் ஊரில் விசரி என்பவர் 1780இல் தம் வீட்டின்மேல் இடிதாங்கி அமைத்தார். அண்டை அயலார் அஞ்சினர். அது இடியைத் தாங்காது, இடியை ஊருக்கு அழைத்துவரும் என்றனர். நகர ஆட்சியினர் அகற்று என்று ஆணையிட்டனர். வழக்கு அராஸ் நகர மன்றத்துக்குப் போயிற்று. அறிவியலின் பக்கம் நின்று வாதாடிய வழக்கறிஞருக்கு வயது இருபத்தைந்து. 1783 மே மாதம் வழக்கில் வென்றார். கம்பி மீண்டும் கூரை ஏறிற்று. பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றில் புகழும் பழியும் ஒருங்கே சுமந்த ரோபஸ்பியர்தாம் அவர். அறிஞர் உண்மையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. மன்றத்திலும் மக்களிடத்திலும் அதற்காக வாதாட ஓர் இளைஞன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

வீட்டுக்குள் வந்த மின்னல்

மின்னலை வீட்டுக்கு வெளியே நிறுத்திய மனிதன், நூறாண்டுக்குப் பின் மின்சாரத்தைத் தானே விரும்பி வீட்டுக்குள் அழைத்தான். 1882 செப்டம்பர் 4ஆம் நாள், நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. சுமார் 400 விளக்குகள் எரிந்தன. இருள் போயிற்று, புதிய ஆபத்து வந்தது.

கம்பியின் தகுதிக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் கம்பி காயும், உறை பொசுங்கும், வீடு பற்றும். இதற்குத் தடுப்பு என்ன? 1847இலேயே பிரான்சு நாட்டுப் பிரகே என்பவர், தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க இடையில் மெல்லிய கம்பி வைக்கலாம் என்று சொல்லியிருந்தார். பளு மிகும்போது மெல்லியது முதலில் உருகும், தொடர்பு அறும், மற்றது பிழைக்கும். எடிசன் அதே நெறியை விளக்குக் கம்பிக்குக் கொண்டுவந்து 1880இல் காப்புரிமை பெற்றார். அதுவே நாம் அறிந்த பியூஸ்.

பியூஸ் ஒரு தியாகி. தான் எரிந்து வீட்டைக் காக்கிறது. ஆனால் அது காப்பது எதை? வீட்டை, கம்பியை, பொருளை. மனிதனையா? இங்கேதான் வரலாறு நம் கண்ணைத் திறக்கிறது.

1882இல் இலண்டன் தந்திப் பொறியாளர் சங்கம் வீட்டு மின்சாரத்துக்கான முதல் விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளின் தலைப்பு என்ன தெரியுமா? மின்விளக்கினால் நேரும் தீ அபாயத்தைத் தடுக்கும் விதிகள்! அமெரிக்காவிலும் விதி எழுத முந்தியவர்கள் தீக்காப்பீட்டு நிறுவனத்தார். வீடு எரிந்தால் பணம் தரவேண்டியவர்கள் அவர்கள் அல்லவா? அந்த முயற்சிகள் 1897இல் தேசிய மின்விதித் தொகுப்பாக வடிவம் பெற்றன. தீயைத் தடுத்தால் உயிரும் பிழைக்கும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தீயே இன்றி, ஓசையே இன்றி, ஒரு வேலைக்காரியின் விரல்வழி புகுந்து நெஞ்சை நிறுத்தும் மின்சாரத்தைப் பற்றி அன்றைய விதிகளின் கவலை குறைவு. கட்டடத்துக்கு விலை இருந்தது, கணக்கு இருந்தது, கேட்க ஆள் இருந்தது. வேலைக்காரிக்கு?

கணக்கையே பார்ப்போம். ஐந்து ஆம்பியர் பியூஸ் என்பது 5,000 மில்லி ஆம்பியர் வரை தாராளமாக வழிவிடும். மனித நெஞ்சைத் தடுமாறச் செய்ய சில பத்து மில்லி ஆம்பியரே போதும். 230 வோல்ட்டில் எரியும் 40 வாட் பல்புக்குள் ஓடுவது சுமார் 170 மில்லி ஆம்பியர். அதுவே ஓர் ஆளைக் கொல்லப் போதுமானதற்கும் மேல். ஈரக் கையோடு தொட்டவரின் உடல் வழியே ஓடக்கூடியது சுமார் கால் ஆம்பியர். பியூஸின் கண்ணுக்கு அது ஒரு விளக்கு எரிவதாகத்தான் தெரியும். ஆள் துடிப்பான், பியூஸ் அசையாது.

பியூஸின் இடத்துக்கு வந்தது, ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்சும் ஹைன்ரிஷ் ஷாக்ட்னரும் 1924இல் ஆக்கிய சிறு தானியங்கி விசை. எம்.சி.பி. என்று இன்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதன் மூதாதை அதுதான். பளு மெல்ல மிகுந்தால் வெப்பத்தால் வளையும் தகடு இணைப்பைத் துண்டிக்கும். திடீரென மிகுந்தால் மின்காந்தம் துண்டிக்கும். உருகிய பியூஸுக்குப் பதில் கையில் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றிவிடும் கேடு இதனால் ஒழிந்தது. மெத்த நன்று! ஆயினும் இதுவும் கம்பியின் காவலனே.

மண்ணின் துணை

அப்படியானால் மனிதனைக் காப்பது எது? பிராங்க்ளின் சொன்ன மண்தான்!

வழிதவறிய மின்சாரத்துக்கு மனித உடலைவிட எளிய பாதை ஒன்றை அமைத்துக் கொடு. அது அந்தப் பாதையில் போகட்டும். எர்த் என்பதன் பொருள் இவ்வளவே. கிரைண்டரின் உள்ளே உறை தேய்ந்த கம்பி ஒன்று இரும்புக் கூட்டைத் தொட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடு மூன்றாவது பின் வழியே மண்ணோடு இணைந்திருந்தால், மின்சாரம் பெருவெள்ளமாக அவ்வழியே பாயும். அந்த வெள்ளத்தைக் கண்டதும் பியூஸ் உருகும், அல்லது எம்.சி.பி. விழும், யாரும் தொடுமுன்பே ஆபத்து அகலும். மூன்றாவது பின் அறுபட்டிருந்தால்? வெள்ளம் பாய வழியில்லை. பியூஸ் உருகாது. கிரைண்டர் ஓடும். கூட்டில் மின்சாரம் காத்திருக்கும், ஈரக் கை ஒன்று வரும்வரை!

இவ்வளவு எளிய உண்மையை ஏற்கவும் பொறியாளர்களுக்கு இருபதாண்டுகள் பிடித்தன. மின் அமைப்பின் ஒரு கம்பியை வேண்டுமென்றே மண்ணோடு இணைப்பது தீயை அழைப்பதாகும் என்று கூறி, 1892இல் நியூயார்க்கின் தீக்காப்பீட்டார் மன்றம் அப்பழக்கத்தைக் கண்டித்தது. ஆனால் தெருவில் ஓடிய உயரழுத்தக் கம்பிகள், பழுதுற்ற நேரங்களில் வீட்டுக் கம்பிகளைத் தொட்டன. மண்ணோடு இணையாத வீட்டுக் கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறிற்று. இணைந்திருந்தால் அது மண்ணுக்குள் போயிருக்கும். வாதம் முடிந்தது, 1913இல் அமெரிக்க விதித்தொகுப்பு, வீடுகளுக்கு மின்சாரம் தரும் 150 வோல்ட் வரையிலான அமைப்புகளை மண்ணோடு இணைப்பதைக் கட்டாயமாக்கிற்று. ஒருகாலத்தில் ஆபத்து எனத் தள்ளப்பட்டது, ஆராய்ந்தபின் அரண் ஆயிற்று.

அடுத்து பிளக்கு. 1920களில் ஜெர்மனியில் ஆல்பர்ட் பியூட்னர், மண்ணிணைப்பைத் தன்னுள்ளேயே கொண்ட பிளக்கை ஆக்கினார். அமெரிக்காவில் பிலிப் லாப்ரே 1928இல் மூன்று பின் பிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். பிரிட்டன் 1934இல் உருண்டைப் பின்கள் மூன்று கொண்ட பிளக்குக்குத் தர அளவை வகுத்தது. இன்று நம் வீடுகளில் இருக்கும் பிளக்கு அந்தப் பிரிட்டானியப் பிளக்கின் வழித்தோன்றல்.

அதன் மூன்றாவது பின்னை எடுத்து உற்று நோக்குங்கள். மற்ற இரண்டைவிடத் தடிப்பு. மற்ற இரண்டைவிட நீளம். அழகுக்காகவா? இல்லை. தடித்ததால், தவறியும் மின்சாரத் துளையில் நுழையாது. நீண்டதால், செருகும்போது மின்சாரம் வருமுன்பே மண்ணிணைப்பு வந்துவிடும். பிடுங்கும்போது மின்சாரம் போனபின்பே மண்ணிணைப்பு போகும். முதலில் வந்து கடைசியில் போகும் காவலாளி அது. அந்தக் காவலாளியைத்தான் ரம்பம் எடுத்து அறுக்கிறோம்!

இந்த வரலாற்றில் ஒரு பெண்மணியை மறக்கலாகாது. பிரிட்டனில் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளுக்கு மின் அமைப்பு எப்படி இருக்கவேண்டும் என்று ஆராய 1942இல் இருபதுபேர் குழு ஒன்று அமைந்தது. அதில் ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். 1924இல் தொடங்கிய மின்சார மகளிர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அடுக்களையில் நிற்பவள் யார், தரையில் தவழ்வது யார் என்பதைப் பொறியாளர்களுக்கு நினைவூட்டியவர். குழந்தையின் விரல் துளைக்குள் போகாதபடி கதவு வேண்டும் என்று வற்புறுத்தினார். 1947இல் வெளிவந்த பிரிட்டனின் புதிய பிளக்கில் அது நிறைவேறிற்று. துளைகளை மூடிய கதவைத் திறக்கும் சாவி எது? நீண்டு நிற்கும் எர்த் பின்! அது உள்ளே போனால்தான் கதவு திறக்கும், மற்றவை நுழையும். பத்தொன்பது ஆண்களிடையே ஒரு பெண் அமர்ந்ததால் எத்தனை குழந்தைகளின் விரல்கள் பிழைத்தன! முடிவெடுக்கும் அவையில் பெண்ணுக்கு இடம் எதற்கு என்று கேட்போர், இந்தச் சிறு கதவைத் திறந்து பார்க்கட்டும்.

உடலின் கணக்கு

எர்த் இருந்தால் போதுமா? போதாத இடங்களும் உண்டு. வறண்ட மண்ணில் எர்த் குழியின் தடை மிகும். தடை 23 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டில் அதன் வழியே போவது 10 ஆம்பியர்தான். பதினைந்து ஆம்பியர் பியூஸ் அதற்கு உருகாது. கூட்டிலும் மின்சாரம் அப்படியே நிற்கும். உறை உரிந்த கம்பியை ஒருவர் நேரே தொட்டாலோ, எர்த் குறுக்கே வந்து தடுக்காது. அப்போது காப்பது எது?

இதற்கு விடைகாண, முதலில் மனித உடலின் கணக்கு தெரியவேண்டியிருந்தது. அமெரிக்காவில், பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் அந்தக் கணக்கை எடுத்தார். தாமாக முன்வந்த 134 ஆண்களும் 28 பெண்களும் மின்கம்பியைக் கையில் பற்றினர். மின்சாரத்தை மெல்ல உயர்த்தி, எந்த அளவுவரை பற்றிய கையைத் தாமே விடுவிக்க முடிகிறது என்று அளந்தார். ஆண்களின் சராசரி 16 மில்லி ஆம்பியர். பெண்களின் சராசரி 10.5. அதற்குமேல், விடு என்று மூளை சொன்னாலும் கை விடாது. தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

நம் மாணவனின் தாய் தொட்ட கையை ஏன் எடுக்கவில்லை என்பதற்கு விடை இதுதான். எழுதினவன் எழுதியது அன்று, 10.5 மில்லி ஆம்பியர்! ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒன்றே என உடல் வகுத்திருக்கும் கணக்கு அது. அந்தக் கணக்கில் சாதி இல்லை, சாதகம் இல்லை, வெள்ளிக்கிழமை இல்லை.

அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில், ஈரமும் இருளும் சூழ்ந்த ஆழத்தில், மின்சாரம் தொழிலாளரைத் தாக்கிக்கொண்டிருந்தது. ஹென்றி ரூபின் என்னும் பொறியாளர் 1955இல், கசியும் மின்சாரத்தைக் கண்டவுடன் இணைப்பை அறுக்கும் கருவியை உருவாக்கினார். முதலில் அது 250 மில்லி ஆம்பியர் கசிந்தால்தான் விழித்தது. பிறகு அதன் உணர்வை மிகக் கூர்மையாக்கினார். ஸ்டில்ஃபான்டைன் என்ற சுரங்க ஊரில் ஒரு பெண், வீட்டு மின்கருவி தாக்கி மாண்டார். அதன்பின், 1957-58இல் அவ்வூர் வீடுகளில் சில நூறு கருவிகள் பொருத்தப்பட்டன. அவை 20 மில்லி ஆம்பியரிலேயே விழித்துக்கொள்பவை. ஒரு பெண்ணின் சாவை அவ்வூர் விதி என்று ஏற்றிருந்தால், அந்த வீடுகளுக்குள் அக்கருவி நுழைந்திருக்குமா?

ஆஸ்திரியாவில் பீகல்மையர் என்பவர் 1957இல் இதே வழியில் கருவி ஆக்கினார். தம் உடலிலேயே மின்சாரத்தைச் செலுத்திச் சோதித்தவர் அவர். 1961இல் டால்சீல், டிரான்சிஸ்டர் கொண்டு 5 மில்லி ஆம்பியரில் அறுக்கும் சிறு கருவியை ஆக்கினார். பலர் பல நாடுகளில் ஒரே கேள்வியைக் கேட்டனர். ஒரே விடைக்கு வந்து சேர்ந்தனர்.

அக்கருவியின் வேலை ஒரு நேர்மையான கணக்கப்பிள்ளையின் வேலை. போன மின்சாரம் எவ்வளவு? திரும்பிவந்தது எவ்வளவு? இரண்டு கம்பிகளும் ஓர் இரும்பு வளையத்தின் ஊடே செல்கின்றன. போனதும் வந்ததும் சமமானால் அவற்றின் காந்த விளைவு ஒன்றையொன்று அழித்துவிடும். சமமில்லையானால், விடுபட்ட பங்கு வேறு ஏதோ வழியில் மண்ணுக்குப் போகிறது என்று பொருள். அந்த வழி ஒரு மனித உடலாக இருக்கலாம். வளையத்தில் சுற்றிய மூன்றாவது கம்பிச்சுருள் அந்த வேற்றுமையை உணர்கிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இணைப்பை அறுக்கிறது. ஆர்.சி.சி.பி. என்று கடைகளில் கிடைப்பது இதுவே. வீட்டுக்கு உரியது 30 மில்லி ஆம்பியர் அளவினது. தொட்டவருக்கு அதிர்ச்சி இருக்கும். பெரும்பாலும் உயிர் இருக்கும். எனினும் வெறும் இரண்டு கம்பிகளை இரு கைகளால் பற்றினால், போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும், கணக்கப்பிள்ளை ஏமாந்துபோவார். ஆகவே இது எர்த்துக்கு மாற்று அன்று, துணை.

யார் வீட்டுக்கு முதலில்?

கருவி பிறந்தது, உடனே எல்லா வீட்டுக்கும் வந்ததா? அமெரிக்க விதித்தொகுப்பு இதை முதன்முதல் கட்டாயமாக்கிய இடம் எது? 1968இல், நீச்சல் குளத்து நீரடி விளக்குகளுக்கு! குளியலறைக்கு வந்தது 1975இல். பிரிட்டனில் சாதாரண வீட்டுப் பிளக்குப் பலகைகளுக்குப் பொதுவிதியாக வந்தது 2008இல்.

நம் நாட்டிலும் கதை வேறில்லை. 1910இல் மின்சாரச் சட்டம் வந்தது. 1956இன் இந்திய மின்சார விதிகள், கருவிகளின் உலோகக் கூடுகள் மண்ணோடு இணைக்கப்படவேண்டும் என்றன. கசிவு காக்கும் கருவியை வற்புறுத்திய 2010ஆம் ஆண்டின் விதிகளோ, ஐந்து கிலோவாட்டுக்குக் குறைந்த சிறு இணைப்புகளை அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கிவைத்தன; எல்லை பின்னர் குறைக்கப்பட்டது. ஐந்து கிலோவாட்டுக்குக் குறைந்த இணைப்பு எவருடையது? ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு கிரைண்டர் உள்ள வீட்டுடையது. குளிரூட்டிய மாளிகைக்குக் காவல் முதலில். கூரை வீட்டுக்குப் பிறகு! மணிக்கூண்டின் கயிற்றைப் பிடித்தவன் யாரோ, அவன் வழிவந்தவனே இங்கும் கடைசியில் நிற்கிறான்.

விலை என்ன? 2019, 2020, 2021 என்னும் மூன்று ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் இந்தியாவில் மின்சாரம் தாக்கி மாண்டோர் 12,000க்கும் மேற்பட்டோர் என்று தேசியக் குற்றப் பதிவகம் காட்டுகிறது. பன்னிரண்டாயிரம் தலைகளில் ஒரே எழுத்தா எழுதப்பட்டிருந்தது? 33 ஆண்டுகளில் 103 மணியடிப்போர் மாண்டதைக் கேட்டு வியந்தோமே, நம் மணியோசை நமக்குக் கேட்கவில்லையா?

தோழர்களே! இடிதாங்கிக்காக வாதாடிய அந்த இருபத்தைந்து வயது இளைஞனைப்போல் நாமும் வாதாடவேண்டிய மன்றம் ஒன்று உண்டு. அது நம் வீட்டு அடுக்களை. இன்றே எழுந்து சென்று பாருங்கள். பிளக்கில் மூன்று பின் உண்டா? சுவரில் மூன்று துளை உண்டா? துளைக்குப் பின்னால் பச்சைக் கம்பி உண்மையிலேயே இணைந்திருக்கிறதா, வெறும் ஒப்பனைக்கு நிற்கிறதா? எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டு நீர் வார்த்து எத்தனை ஆண்டாயிற்று? பியூஸில் எவரேனும் தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறாரா? ஆர்.சி.சி.பி. உண்டா? உண்டெனில், அதன்மேல் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா? தகுதியுள்ள மின்பணியாளரை அழைத்துக் காட்டுங்கள். புதுமனை புகும்போது பூசணிக்காய் உடைக்க ஆகும் செலவையும், திருஷ்டிப் பொம்மை கட்ட ஆகும் செலவையும், புரோகிதருக்கு ஆகும் செலவையும் கூட்டிப் பாருங்கள். ஒரு கசிவுக் காவலனின் விலை அதற்குள் அடங்கும்.

நம் மொழியில் விதி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, தலையில் எழுதியதாகச் சொல்வது. எவரும் படித்துப் பார்த்ததில்லை. மற்றொன்று, மனிதர் கூடி ஆராய்ந்து ஏட்டில் எழுதியது. எவரும் படிக்கலாம், கேட்கலாம், திருத்தலாம். ரிக்மனின் சாவும், சுரங்க ஊர்ப் பெண்ணின் சாவும், ஹாஸ்லெட்டின் வாதமும், டால்சீலின் அளவையும் சேர்ந்து எழுதியது இந்த இரண்டாவது விதி. முதல் விதியை நம்பிய இடத்தில் இரண்டாவது விதி மீறப்படுகிறது. அதன் தண்டனையை மீறியவர் அனுபவிப்பதில்லை, மாவு ஆட்டுகிறவர் அனுபவிக்கிறார்.

பதினாறாம் நாள் முடிந்து மாணவன் பள்ளிக்குத் திரும்பினான். அவன் கேள்விக்கு நாம் விடை சொன்னோம். இங்கே எழுதியதைத்தான் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, “அப்போ அம்மா சாகாமல் இருந்திருக்கலாம், இல்லையா ஐயா?” என்றான்.

ஆம் என்றோம். அதைச் சொல்வது எளிதாக இல்லை. விதி என்று சொல்லியிருந்தால் அவனுக்கு அன்று ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த வாரம் அவன் வீட்டுக்குச் சென்றபோது, சுவரில் மூன்று துளைப் பலகை இருந்தது. புதுப் பச்சைக் கம்பி கொல்லைப்புறத்து மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அவன் தங்கை அந்தக் குழிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.